ஐந்நூறு மோட், மூன்று கோளாறு: புது லேப்டாப்பில் படுத்துக்கொண்ட ஒரு ஸ்கைரிம்

"எந்த மோட்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்கண்ணா" என்று கேட்டு வந்தான் நண்பனின் தம்பி. ஐந்நூறுக்கு மேல் மோட், அதாவது ரசிகர்கள் எழுதிச் சேர்க்கும் மாற்றங்கள், போட்ட ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன் என்ற கணினி விளையாட்டு. பழைய லேப்டாப்பில் வருடக்கணக்காக ஓடியது, புது லேப்டாப்பில் ஓடவில்லை. என்னிடம் வருவதற்குள் பாதி மோட்களின் டிக்கை எடுத்து, திரும்பப் போட்டு, வரிசையை மாற்றி, நான்கைந்தைப் புதுப் பதிப்புக்கு ஏற்றி, தன் முக்கியமான சேவ் கோப்பை அதே குழப்பத்தோடு திறந்தும் பார்த்திருந்தான். கடைசியில் கிடைத்த விடை, ஒரு மோட்கூடக் காரணம் இல்லை என்பது. மூன்று தனித்தனிக் கோளாறுகள், மூன்றும் லேப்டாப் மாறியதால் வந்தவை, ஒன்றைச் சரிசெய்தால்தான் அடுத்தது வெளியே தெரியும்படி வரிசையாக நின்றன. மோட் போட்ட விளையாட்டு விழுந்தால், அதாவது கிராஷ் ஆகி மூடிக்கொண்டால், எல்லோர் கையும் முதலில் மோட் பட்டியலுக்குத்தான் போகிறது. "எந்த மோட்" என்று கேட்பதற்கு முன்னால் "கடைசியாக ஓடிய நாளுக்கும் இன்றைக்கும் நடுவில் என்ன மாறியது" என்று கேட்டிருந்தால் இதில் பாதி வேலை மிச்சம்.

அதையும் கேட்டேன். "எதுவும் மாத்தலண்ணா, அப்படியே காப்பி பண்ணேன்" என்றான். உதவி கேட்டு வருகிற எல்லோரும் சொல்கிற பதில் இது, பொய்யும் இல்லை, அவர்கள் கையால் எதையும் மாற்றியிருக்க மாட்டார்கள்.

கொஞ்சம் பின்னணி

ஸ்கைரிம் முதலில் வந்தது 2011 நவம்பர் 11. 64 பிட் ஸ்பெஷல் எடிஷன் 2016 அக்டோபர் 28இல் வந்தது. அதற்குப் பல சின்னச் சின்னத் திருத்தங்கள் வந்து 1.5.97 என்ற பதிப்பில் நின்றது. அதன்பின் வந்த இரண்டு வருட அமைதியில்தான் மோட் எழுதுபவர்கள் டி.எல்.எல் எனப்படும் நிரல் கோப்புகளாக வரும் மோட்களைக் குவித்தார்கள். பிறகு 2021 நவம்பர் 11இல் ஆனிவர்சரி எடிஷனோடு விளையாட்டு 1.6 வரிசைக்குத் தாவியது. நிரலைப் புதிய கம்பைலரில் மறுபடி தொகுத்ததால் உள்ளே இருந்த செயற்கூறுகளின் முகவரிகள் எல்லாம் இடம் மாறிவிட்டன. சாதாரண மோட்களுக்கு, அதாவது வாள், கவசம், வீடு, டெக்ஸ்சர் (பொருட்களின் மேற்பரப்புப் படம்) வகைகளுக்கு, இதனால் பெரிய பாதிப்பு இல்லை. டி.எல்.எல் மோட்கள் மட்டும் விளையாட்டின் நினைவகத்துக்குள் நேராகக் கை வைப்பவை. முகவரி மாறினால் அவை செத்தன. அதனால் 1.5.97லேயே தங்கிவிட்டவர்கள் ஏராளம், இந்தத் தம்பியும் அதில் ஒருவன். பழைய லேப்டாப்பில் அப்டேட்டை நிறுத்திவைத்திருந்தான். நிறுத்திவைத்ததையே மறந்திருந்தான்.

புது லேப்டாப்பில் ஸ்டீமைப் போட்டு விளையாட்டைத் தரவிறக்கினால் கடைசிப் பதிப்புதானே வரும்? 1.6.1170 வந்தது. அதன்மேல் 1.5.97க்காகக் கட்டிய மோட் அடுக்கை அப்படியே கொண்டுவந்து வைத்தான்.

எதைக் காப்பி செய்தான், எது விட்டுப்போனது

மோட்களை நிர்வகிக்க அவன் பயன்படுத்துவது மோட் ஆர்கனைசர் 2. இதன் அழகே விளையாட்டின் டேட்டா கோப்புறையைத் தொடாமல் இருப்பதுதான்: ஒவ்வொரு மோடும் தனிக் கோப்புறையில் கிடக்கும், விளையாட்டை ஆர்கனைசர் வழியாகத் திறக்கும்போது மட்டும் எல்லாம் டேட்டாவுக்குள் இருப்பதுபோல ஒரு மாயக் கோப்பமைப்பை அது காட்டும். ஆகவே அந்த ஒரு பெரிய கோப்புறையைத் தூக்கிக்கொண்டு போனால் எல்லாம் வந்துவிடும் என்று நினைப்பது இயல்பு. வராது. ஒரு ஸ்கைரிம் அமைப்பு நான்கு இடத்தில் பரவிக் கிடக்கிறது. ஒன்று, ஆர்கனைசர் கோப்புறை. இரண்டாவது, விளையாட்டு இருக்கும் மூலக் கோப்புறை: டி.எல்.எல் மோட்களை விளையாட்டோடு ஏற்றும், எஸ்கேஎஸ்இ எனப்படும் ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டரின் லோடரும் டி.எல்.எல்லும், என்ஜின் ஃபிக்ஸஸ் மோடின் இரண்டாம் பாகக் கோப்புகள், இஎன்பி என்ற காட்சி மெருகு போட்டிருந்தால் அதன் டி3டி11 கோப்பு, எல்லாம் இங்கேதான். மூன்றாவது, டாக்குமெண்ட்ஸில் மை கேம்ஸ் கோப்புறை: சேவ் கோப்புகளும் லாக்குகளும். நான்காவது விண்டோஸ் அமைப்புகள், இதை யாருமே மோட் அமைப்பின் பகுதியாக எண்ணுவதில்லை. அவன் எடுத்து வந்தது முதலாவதை முழுசாக, மூன்றாவதில் பாதி.

முதல் கோளாறு: பதிப்பு

பழைய லேப்டாப்பில் விளையாட்டு ஈ டிரைவில், புதியதில் டி டிரைவில். ஆர்கனைசரின் அமைப்புக் கோப்பில் பழைய பாதையே எழுதியிருந்ததால் எஸ்கேஎஸ்இ பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. சரி என்று ஸ்டீமின் பிளே பட்டனை அழுத்தியிருக்கிறான். அந்த வழியில் ஆர்கனைசர் நடுவில் இல்லை, மாயக் கோப்பமைப்பும் இல்லை, எனவே வெறும் ஸ்கைரிம் திறந்தது. தன் சேவ் கோப்பைச் சொடுக்கினான். இந்தக் கோப்பு நம்பியிருக்கும் உள்ளடக்கம் இப்போது இல்லை, தொடரலாமா என்று விளையாட்டே கேட்டது. தொடர் என்று கொடுத்தான். கதாபாத்திரம் வெற்று உடம்போடு நின்றது, ஒரு கதவைத் தாண்டினான், ஆட்டோசேவ் பதிவானது.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும், ஏனென்றால் உண்மையான சேதம் இங்கேதான் ஆரம்பித்தது, கிராஷில் இல்லை. சேவ் கோப்பு என்பது நீங்கள் நிற்கும் இடத்தின் குறிப்பு மட்டும் இல்லை. ஓடிக்கொண்டிருந்த ஒவ்வொரு மோடின் ஸ்கிரிப்ட் நிலையும் அதற்குள் எழுதப்பட்டிருக்கும். மோட் இல்லாமல் திறந்தால் அதன் பொருட்கள் உதிர்ந்துபோகும், ஸ்கிரிப்ட்கள் சொந்தக்காரன் இல்லாமல் தொங்கும். திறந்து பார்த்து அப்படியே மூடினால் பரவாயில்லை. அதன்மேல் சேவ் செய்துவிட்டால் உதிர்ந்தது உதிர்ந்ததுதான், அப்புறம் மோடைத் திரும்ப டிக் செய்தாலும் பழைய நிலை வராது, புதிதாகப் போட்டதுபோலத் தொடங்கும். "பாதியை டிக் எடுத்துப் பார், கிராஷ் நின்றால் அந்தப் பாதியில்தான் இருக்கிறது" என்ற அறிவுரை எல்லா இடத்திலும் கிடைக்கிறது. தவறான அறிவுரை இல்லை, ஆனால் அதைப் புதிதாகத் தொடங்கிய, தூக்கி எறியக்கூடிய ஒரு விளையாட்டில் செய்ய வேண்டும், மாதக்கணக்கில் ஆடிய சேவ் கோப்பில் இல்லை.

அவன் அடுத்து எஸ்கேஎஸ்இ புதுப் பதிப்பு 2.2.6ஐப் போட்டு, ஆர்கனைசரில் பாதையையும் திருத்திவிட்டான். இப்போது லோடர் ஓடியது, டி.எல்.எல்கள் ஒவ்வொன்றாக ஏற மறுத்தன. பழைய பதிப்புகளுக்கு மட்டுமே பொருந்தும், முடக்கப்பட்டது என்று நீளமான பட்டியல், கீழே "விளையாட்டை விட்டு வெளியேறவா, வெளியேறுவது நல்லது" என்ற கேள்வி. வேண்டாம் என்று கொடுத்திருக்கிறான். எனக்கு அனுப்பிய திரையின் படங்கள் எல்லாம் இந்தக் கட்டத்தில் ஃபோன் கேமராவில் எடுத்தவை, டியூப்லைட் பிரதிபலிப்பில் பாதி எழுத்து தெரியவில்லை. உதவி கேட்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: லாக் கோப்பை அப்படியே அனுப்புங்கள், அதில் எல்லாம் எழுதியிருக்கிறது.

நான் கேட்டது இரண்டே இரண்டு. விளையாட்டின் எக்ஸ்இ கோப்பை வலது சொடுக்கி, பிராப்பர்ட்டீஸில் டீட்டெய்ல்ஸ் பக்கத்தில் உள்ள பதிப்பு எண். அப்புறம் மை கேம்ஸ் கோப்புறைக்குள் எஸ்கேஎஸ்இ என்ற கோப்புறையில் இருக்கும் லாக். எண் 1.6.1170 என்றது. லாக்கில் டி.எல்.எல்கள் வரிசையாக நிராகரிக்கப்பட்டிருந்தன. பழைய லேப்டாப்பின் டிஸ்க்கில் இருந்த எஸ்கேஎஸ்இ 2.0.20. அது 1.5.97க்கானது. இதற்குமேல் துப்பறிய எதுவும் இல்லை.

இரண்டு வழி. எல்லா டி.எல்.எல் மோட்களையும், அட்ரஸ் லைப்ரரியையும் 1.6க்கு ஏற்றுவது, அல்லது விளையாட்டை 1.5.97க்கு இறக்குவது. அட்ரஸ் லைப்ரரி என்பது ஒவ்வொரு பதிப்பிலும் எந்தச் செயற்கூறு எந்த முகவரியில் இருக்கிறது என்ற அட்டவணை. 1.5 வரிசைக்கு ஒரு தொகுப்பு, 1.6 வரிசைக்கு இன்னொன்று, ஒன்றை மற்றதில் போட்டால் பயனில்லை. புதிதாக ஆட்டம் தொடங்குகிறவர் என்றால் யோசிக்காமல் 1.6.1170க்குப் போகச் சொல்வேன். நன்றாகப் பராமரிக்கப்படும் மோட்கள் பெரும்பாலும் அங்கே வந்துவிட்டன. இவனுக்கு நடு ஆட்டம், பட்டியலில் இரண்டு மூன்று மோட்கள் கைவிடப்பட்டவை, எனவே இறக்குவதுதான் சரி. ஸ்டீம் கன்சோலில் டவுன்லோட் டிப்போ கட்டளையோடு 489830, 489833 என்ற எண்களையும் பழைய பதிப்பைக் குறிக்கும் மேனிஃபெஸ்ட் எண்ணையும் கொடுத்தால் பழைய எக்ஸ்இ ஸ்டீம்ஆப்ஸுக்குள் கன்டென்ட் கோப்புறையில் வந்து இறங்கும், எடுத்து மூலக் கோப்புறையில் வைக்க வேண்டியதுதான். இதையே செய்யும் பேட்சர்களும் உண்டு. முடிந்ததும் ஸ்டீமில் "நான் திறக்கும்போது மட்டும் அப்டேட் செய்" என்று மாற்றி, ஸ்டீம் இந்த விளையாட்டின் விவரத்தை எழுதி வைக்கும், 489830 எண் கொண்ட ஏசிஎஃப் கோப்பை ரீட் ஒன்லி ஆக்கினோம். எஸ்கேஎஸ்இ 2.0.20 திரும்ப வந்தது, என்ஜின் ஃபிக்ஸஸின் இரண்டாம் பாகம் மூலக் கோப்புறைக்குப் போனது, அவன் பதற்றத்தில் புதுப்பித்த நான்கைந்து மோட்கள் பழைய பதிப்புக்குத் திரும்பின. மெனு வந்தது. புது ஆட்டம் ஓடியது.

இரண்டாவது கோளாறு: முகம்

பழைய லேப்டாப்பின் திரைதான் போயிருந்தது, டிஸ்க் நன்றாக இருந்தது. ஏற்கெனவே அதைக் கழற்றி யூஎஸ்பி உறையில் போட்டுத்தான் காப்பி செய்திருந்தான். கெட்டுப்போன ஆட்டோசேவ்களை ஒதுக்கிவிட்டு, புது லேப்டாப்புக்கு வருவதற்கு முந்தைய சேவ் கோப்பைத் திறந்தோம். திறந்தது, விழவில்லை, ஆனால் "இது என் ஆள் இல்லண்ணா" என்றான். முகம் வேறு மாதிரி, தழும்பும் உடல் ஓவியமும் காணோம். மறுபடி மோட் பட்டியலுக்குப் போகப் பார்த்தான், கதாபாத்திரத்தின் தோற்றத்தைச் செதுக்கும் ரேஸ்மெனு மோட் கெட்டுவிட்டது என்று.

ரேஸ்மெனு நன்றாகத்தான் இருந்தது. எஸ்கேஎஸ்இயோடு ஆடும்போது ஒவ்வொரு சேவுக்கும் இரண்டு கோப்பு உருவாகும்: விளையாட்டின் சொந்தக் கோப்பு இஎஸ்எஸ் என்று முடியும், அதே பெயரில் எஸ்கேஎஸ்இ என்று முடியும் துணைக் கோப்பு ஒன்று பக்கத்திலேயே இருக்கும். டி.எல்.எல் மோட்கள் தங்கள் தகவலை எழுதுவது இரண்டாவதில்தான். ரேஸ்மெனுவில் செதுக்கிய முகம், உடல் மேல் ஓவியங்கள், உடல் அளவுகள் எல்லாம் அங்கே. தம்பி கோப்புறையை அளவு வாரியாக அடுக்கி, பெரிய கோப்புகளை மட்டும் எடுத்து வந்திருந்தான், சின்னதாகக் கிடந்தவை ஏதோ தற்காலிகக் கோப்புகள் என்று. விளையாட்டு இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது, துணைக் கோப்பு இல்லையென்றால் இல்லாததுபோலவே திறந்துகொள்ளும், அப்புறம் சேவ் செய்தால் வெறும் துணைக் கோப்பைப் புதிதாக எழுதி வைக்கும். டிஸ்க்கிலிருந்து ஜோடியை எடுத்து வைத்தோம், முகம் வந்துவிட்டது. கையோடு ஆர்கனைசரில் சேவ் கோப்புகளை புரொஃபைலுக்குள்ளேயே வைக்கும் வசதியையும் போட்டேன். அடுத்த முறை கோப்புறையோடு சேர்ந்தே வரும்.

மூன்றாவது கோளாறு: இதில்தான் நேரம் போனது

அரை மணி, ஒரு மணி நேரம் ஆடுவான், பிறகு விழும். விளையாட்டுக்குள் வைட்ரன் நகரில் விழும், ரிஃப்டன் நகர வாசலில் விழும், சில சமயம் காட்டில் சும்மா ஓடும்போது விழும். இந்த மாதிரி கிராஷுக்கு லாக் இல்லாமல் பேசுவது வீண். 1.5.97இல் டாட்நெட் ஸ்கிரிப்ட் ஃபிரேம்வொர்க் இருந்தால் ஒவ்வொரு கிராஷுக்கும் ஒரு லாக் எழுதும். ஆர்கனைசரில் அது ஓவர்ரைட் கோப்புறைக்குள் போய் விழும்.

கிராஷ் லாக்கைப் படிப்பதில் பொதுவாக நடக்கும் கூத்து என்னவென்றால், அதில் தொடர்புள்ள பொருட்கள் என்று ஒரு பட்டியல் வரும், அதில் முதலில் தெரியும் மோடின் பெயரைப் பிடித்துக்கொண்டு அதை நீக்கிவிடுவார்கள். அந்தப் பட்டியல் சொல்வது விழும் நேரத்தில் நினைவகத்தில் பக்கத்தில் என்ன கிடந்தது என்பதை மட்டும்தான். இவனும் முதல் லாக்கில் ஒரு மர மோட், இரண்டாவதில் ஒரு கவசம், மூன்றாவதில் வைட்ரன் கடைப் பலகை என்று மூன்றையும் நீக்கியிருந்தான். மூன்று லாக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு கதை தெரிந்தது: பொருட்கள் ஒவ்வொரு முறையும் வேறு, விழுந்த முகவரி மட்டும் ஒன்றே. ஸ்கைரிம்எஸ்இ கூட்டல் டி6டிடிடிஏ. 1.5.97 ஆடுபவர்களிடம் பேர்போன முகவரி இது. டெக்ஸ்சரோ மெஷ்ஷோ (பொருளின் முப்பரிமாண வடிவம்) ஏற்றும்போது நினைவகம் கிடைக்காமல் போனாலும், அந்தக் கோப்பே கெட்டிருந்தாலும் இங்கே விழும். கெட்ட கோப்பு என்றால் ஒரே பொருள் திரும்பத் திரும்ப வர வேண்டும். வரவில்லை, எனவே சந்தேகம் நினைவகத்தின் மேல்.

"16 ஜிபி ரேம்ணா, டாஸ்க் மேனேஜர்ல 11தான் காட்டுது" என்றான். அதே பக்கத்தில் கொஞ்சம் கீழே கமிட்டட் என்று ஒரு எண் இருக்கும், அதைப் படிக்கச் சொன்னேன். உச்ச வரம்பை முட்டிக்கொண்டு நின்றது. விண்டோஸில் நிரல்களுக்கு வாக்களிக்கக்கூடிய மொத்த நினைவகம் என்பது ரேமும், ரேமுக்குத் துணையாக டிஸ்க்கில் ஒதுக்கும் பேஜ் ஃபைலும் சேர்ந்தது. நிரல் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு இன்னும் தொடாத இடமும் இந்தக் கணக்கில் வரும், கிராஃபிக்ஸ் ஒதுக்கீடும் வந்து சேரும். ரேமில் இடம் காலியாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் வாக்களிக்க மிச்சம் இல்லையென்றால் அடுத்த கோரிக்கை வெறுங்கையோடு திரும்பும். ஸ்கைரிம் அதைச் சரிபார்க்காமல் அந்த வெறும் முகவரியைப் படிக்கப் போய் ஆக்சஸ் வயலேஷனில் விழுகிறது.

பேஜ் ஃபைல் எவ்வளவு என்று பார்த்தால், பூஜ்யம். எஸ்எஸ்டி ஆயுளைக் காப்பாற்ற பேஜ் ஃபைலை நிறுத்துங்கள் என்று ஏதோ வீடியோவில் பார்த்து, லேப்டாப் வாங்கின கையோடு செய்திருக்கிறான். மோட் போடாத விளையாட்டுக்கு அது தெரியவே தெரியாது. 4கே டெக்ஸ்சர்களை அள்ளிப் போட்ட ஸ்கைரிமுக்குக் கழுத்தில் கயிறு. குறைந்தது 20 ஜிபி, அதிகபட்சம் 40 ஜிபி என்று வைத்து மறுபடி தொடங்கச் சொன்னேன். சோதனைக்கு ஒரு புது ஆட்டம், கன்சோலில் சிஓசி கட்டளை போட்டு ரிவர்வுட், வைட்ரன், ரிஃப்டன், சாலிட்யூட் என்று நகரம் நகரமாகத் தாவிக்கொண்டே இருப்பது, கமிட்டட் எண்ணைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு. எண் 20ஐத் தாண்டி ஏறியது, விளையாட்டு விழவில்லை. அதற்குப் பிறகுதான் அவன் நீக்கியிருந்த மரம், கவசம், கடைப் பலகை மூன்றையும் திரும்பப் போட்டு, உண்மையான சேவ் கோப்பைத் திறக்க விட்டேன்.

ரேம் போதாதா என்று கேட்டான். ரேம் கூடுதலாக இருந்தால் நல்லதுதான், ஆனால் பேஜ் ஃபைலைத் திரும்ப வைப்பதற்குக் காசு எதுவும் ஆகாது.

பின்குறிப்பாகச் சில

இனி புது மோட் சேர்க்கும்போது ஒன்றைக் கவனிக்கச் சொல்லியிருக்கிறேன். 2023 டிசம்பரில் வந்த 1.6.1130 முதல் பிளக்-இன் (மோடின் பதிவுகள் இருக்கும் கோப்பு) தலைப்பு எண் 1.70இலிருந்து 1.71 ஆகியிருக்கிறது, இலகு பிளக்-இன் ஒன்றில் வைக்கக்கூடிய புதுப் பதிவுகள் 2048இலிருந்து 4096 ஆகியிருக்கின்றன. பழைய எக்ஸ்இக்கு அந்தக் கூடுதல் இடம் புரியாது. அப்படிப்பட்ட பிளக்-இன் போட்டால் பீஸ் எனப்படும் பின்னோக்கு ஆதரவு மோட் கட்டாயம் வேண்டும்.

பட்டியலின் வரிசையை நான் தொடவில்லை. வரிசையைத் தானே அடுக்கும் லூட் என்ற கருவியை ஓட்டி எல்லாவற்றையும் திரும்ப அடுக்கச் சொன்னவர்கள் உண்டாம். ஓடிக்கொண்டிருந்த வரிசையை, ஓடாததற்குக் காரணம் அதுதான் என்று தெரியாமல் கலைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு படம் அனுப்பினான், இம்முறை ஒழுங்கான ஸ்கிரீன்ஷாட். ரிஃப்டனில் ஒரு கடைக்காரரின் உடல் ஒரு நிறம், முகம் மட்டும் கறுப்பு. இது மெய்யாகவே மோட் கோளாறு: இரண்டு மோட்கள் ஒரே ஆளைத் தொடுகின்றன, பிளக்-இன் பதிவில் ஒன்று ஜெயிக்கிறது, முகக் கோப்பில் மற்றது ஜெயிக்கிறது, இரண்டும் பொருந்தாததால் முகம் கறுக்கிறது. பிளக்-இன்களைத் திறந்து பார்க்கும் எஸ்எஸ்இஎடிட் கருவியில் அந்த ஆளைத் திறந்து, யாருடைய பதிவு கடைசியில் நிற்கிறதோ அதே மோடின் முகக் கோப்பையும் ஆர்கனைசரில் கீழே இறக்கி ஜெயிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று எழுதினேன். "அது இருக்கட்டும்ணா, பழைய லேப்டாப்லயும் அவர் அப்படித்தான் இருந்தார்" என்றான்.